ஸர்வசக்தனும் சேதனன் முயற்சியும்: ஸ்ரீ வேதாந்த தேசிகன் திவ்ய சரித்திரம்

ஸ்ரீ:

எல்லாம் வல்ல பரம்பொருள் ஒன்று உண்டெனில் உலகில் இத்தனை துன்பம் ஏன்? அவன் ஸங்கல்பத்தின்படியே அனைத்தும் நடக்குமெனில், புண்ணிய பாபங்களுக்கு மனிதனைப் பொறுப்பாளியாக்குவது எங்ஙனம் பொருந்தும்? கண்ணுக்குப் புலப்படாத ஒருவனை உளன் என்று கொள்வதற்குப் பிரமாணம் யாது? இவ்வினாக்கள் இக்காலத்தில் புதிதாய் முளைத்தவை என்று எண்ணுவோர் உளர். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவை ஒவ்வொன்றும் இத்தமிழகத்தில் எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் விடை கூறப்பட்டது. விடை கூறியவர்களுள் தலையாயவர் ஸ்ரீ நிகமாந்த மஹாதேசிகன். ஏட்டளவில் ஆராய்ந்ததோடு அவர் நின்றிலர். திருவரங்கம் பெரியகோயிலே சூறையாடப்பட்ட கொடிய நாளில், அவ்வினாக்களைத் தம் வாழ்விலும் நேர்நின்று சந்தித்தார். அம்மஹானுடைய சரித்திரம் உத்ஸவ காலத்தில் திருக்கோயிலை நாடி வரும் ஆஸ்திகர்கள் அனைவரும் சிந்திக்கத் தக்கது.

திருவவதாரம்

காஞ்சீபுரத்தை அடுத்த தூப்புல் என்னும் திருத்தண்காவில், விபவ வருஷம் புரட்டாசி மாதம் திருவோண நன்னாளில், கி.பி. 1268-ஆம் ஆண்டு ஸ்வாமி திருவவதரித்தார். தந்தையார் அனந்தஸூரி, தாயார் தோதாரம்பை. திருவேங்கடமுடையானுடைய திருமணியே இவ்வாசாரியனாக அவதரித்தது என்பது பெரியோர் திருவுள்ளம். அதனாலேயே திருமலையில் கருவறைக்குள் திருவாராதன காலத்தில் கைமணி ஒலிப்பதில்லை என்றும் கூறுவர். பெற்றோர் இட்ட திருநாமம் வேங்கடநாதன் என்பது.

தோதாரம்பையின் உடன்பிறந்தவர் கிடாம்பி அப்புள்ளார். ஆத்ரேய ராமாநுஜர் என்று போற்றப்பெற்ற அப்பெரியவரே மருமகனுக்கு ஆசாரியனாய் வாய்த்தார். அக்காலத்தில் பேரருளாளன் ஸந்நிதியில் நடாதூர் அம்மாள் ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபம் ஸாதித்து வந்தார். ஐந்து பிராயத்துக் குழந்தையாகிய வேங்கடநாதனை அப்புள்ளார் ஒருநாள் அக்கோஷ்டிக்கு அழைத்துச் சென்றார். குழந்தையின் தேஜஸ்ஸைக் கண்டு அம்மாள் உபந்யாஸத்தை நிறுத்தினார். மீண்டும் தொடங்கும்போது விட்ட இடம் எதுவென அவருக்கும் புலப்படவில்லை. கோஷ்டியில் இருந்த பெரியோருக்கும் புலப்படவில்லை. குழந்தை அவ்விடத்தை எடுத்துக் கூறிற்று. அம்மாள் வியந்து, வேதாந்த தர்சனத்தை நிலைநிறுத்தும் பேறு இவனுக்கு உண்டாகுக என்னும் கருத்துடன் அநுக்ரஹித்தார். தாம் முதுமை எய்தியிருந்தமையால், போதிக்கும் பொறுப்பை அப்புள்ளாரிடமே ஒப்புவித்தார்.

அக்கோஷ்டியில் ஸுதர்சன ஸூரி என்னும் பெரியவரும் ஒருவர். அம்மாள் அருளிச்செய்த பொருள்களைக் கேட்டபடியே அவர் எழுதிவைத்ததுதான் ச்ருதப்ரகாசிகை என்னும் ஸ்ரீபாஷ்ய வியாக்யானம். அன்று கோஷ்டியில் அமர்ந்திருந்த சிறுவனே பிற்காலத்தில் அந்நூலைத் தன் உயிரைப் பணயம் வைத்துக் காக்க வேண்டியிருந்தது. அதனைப் பின்னர்க் காண்க.

திருவஹீந்திரபுரத்தில்

அநுக்ரஹம் கிடைத்துவிட்டது என்று வேங்கடநாதன் வாளா இருக்கவில்லை. இருபது பிராயம் வரை அப்புள்ளாரிடம் வேதம், தர்க்கம், வியாகரணம், மீமாம்ஸை, வேதாந்தம், ஆழ்வார்களின் அருளிச்செயல் ஆகிய அனைத்தையும் அயராது கற்றார். ஆசாரியன் பரமபதித்தபின் திருவஹீந்திரபுரம் சென்று, ஔஷதகிரியின் மீதமர்ந்து, ஆசாரியன் உபதேசித்த கருட மந்த்ரத்தை ஜபித்தார். பெரிய திருவடி ஸேவை ஸாதித்து ஹயக்ரீவ மந்த்ரத்தை உபதேசிக்க, அதனையும் ஜபித்து, ஞானமூர்த்தியாகிய ஹயக்ரீவனுடைய அருளைப் பெற்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும்.

அவ்வூர் அடியவர்க்கு மெய்யனாகிய தெய்வநாயகன் விஷயமாக வடமொழியில் தேவநாயக பஞ்சாசத், பிராகிருதத்தில் அச்யுத சதகம், தமிழில் நவமணிமாலை, மும்மணிக்கோவை முதலியன அருளினார். கைத்தொழிலிலும் வல்லவராய்த் தாமே கட்டிய கிணறு அவர் திருமாளிகையில் இன்றும் காட்டப்படுகிறது. கொத்தன் கோணல் மாணலான செங்கற்களைத் தந்தபோதும், அக்கற்களுக்கேற்ப வடிவமைத்துக் கிணற்றை முடித்தார் என்பது வழக்கு. ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர், கவிதார்க்கிக ஸிம்ஹம் என்னும் விருதுகள் அவருக்குரியன. வடமொழியிலும் தமிழிலும் பிராகிருதத்திலும் மணிப்பிரவாளத்திலுமாக நூற்றுக்கு மேற்பட்ட கிரந்தங்களை அருளினார்.

நாஸ்திக வாதமும் அதன் மறுப்பும்

பரமதபங்கம் என்னும் மணிப்பிரவாள நூலில் பிற மதங்களை ஆராயப் புகுந்த ஸ்வாமி, முதற்கண் எடுத்துக்கொண்டது லோகாயத மதத்தையே. சார்வாகம் என்றும் பெயர்பெற்ற அம்மதத்தினர் பிரத்யக்ஷம் ஒன்றையே பிரமாணமாகக் கொள்வர். கண்ணால் காணப்படாத ஆத்மா இல்லை, மறுமை இல்லை, ஈசுவரனும் இல்லை என்பர். சில பண்டங்களைச் சேர்த்துப் புளிக்கவைத்தால் மதுவில் மயக்கும் சக்தி தோன்றுவது போல, நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் சேர்க்கையில் அறிவு தோன்றுகிறது என்பது அவர்கள் கூறும் காரணம்.

இவ்வாதத்தை ஸ்வாமி ஏளனம் செய்து தள்ளிவிடவில்லை. எதிராளியின் கட்சியை அவன் சொல்லக்கூடியதைக் காட்டிலும் வலுவாக எடுத்துரைத்து, அதன்பின் மறுப்பதே அவர் முறை. வேதாந்திகள் கூறும் மறுப்பின் சாரம் வருமாறு: காணப்படுவது மட்டுமே உண்மை என்பதனைப் பிறருக்கு நிலைநாட்ட, லோகாயதன் காரணங்களை அடுக்குகிறான். காரணம் காட்டி ஒரு முடிவை நிறுவுவதே அநுமானம். ஆகவே அநுமானத்தை மறுக்கும்போதே அவன் அதனைக் கையாள்கிறான். எதிரே நிற்பவனுக்கு ஐயமோ விபரீத ஞானமோ உண்டென்று அறிவதும் பிரத்யக்ஷத்தால் அன்று. பிறருடைய மனம் எவருடைய கண்ணுக்கும் புலனாவதில்லை. மேலும், என் உடல் இளைத்தது, என் கை நோகிறது என்று ஒவ்வொருவனும் உடலைத் தன்னின் வேறாகவே உணர்கிறான். பூதங்களுக்கு இயல்பாகவே அறிவு உண்டெனில் ஓர் உடலில் பல அறிவாளிகள் இருக்க வேண்டும். அநுபவமோ நான் என்னும் ஒருமையாகவே உள்ளது. ஆதலின் உடலின் வேறாய், அறிவையே இயல்பாகவுடைய ஆத்மா உண்டு என்பது தேறும்.

அநுமானத்தால் ஈசுவரனை நிறுவலாமோ?

இவ்வளவு கூறிய ஸ்வாமி, ஈசுவரனையும் யுக்தி ஒன்றினாலேயே நிலைநாட்டியிருப்பார் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. குடத்துக்குக் குயவன் இருப்பது போல உலகத்துக்கும் ஒரு கர்த்தா இருக்கவேண்டும் என்று நையாயிகர் வாதிப்பர். கடவுளை உண்டென்று சொல்லும் வாதமாயிற்றே என்று ஸ்ரீபாஷ்யகாரர் இதனை ஏற்றுக்கொண்டாரில்லை. ஓங்கிய ராஜகோபுரத்தைக் காண்பவன், இதனைக் கட்டியவர் உண்டு என்று ஊகிக்கலாம். ஒருவரே கட்டினார் என்றோ, ஒரே காலத்தில் கட்டினார் என்றோ ஊகிக்க வழியில்லை. பல தலைமுறைகளில் பலர் கட்டியதாகவும் இருக்கலாம். குயவனோ உடலும் கருவியும் உடையவன். அறியாமையும் அயர்வும் உடையவன். அவனை உவமையாகக் கொண்டால் அவ்வளவே உடைய கர்த்தாதான் தேறுவான். குறைவற்ற, ஸர்வக்ஞனான, ஸர்வசக்தனான பரமபுருஷன் அவ்வநுமானத்தால் தேறமாட்டான்.

ஆகவே புலன்களுக்கும் ஊகத்துக்கும் எட்டாத பரம்பொருளை அறிவிக்க சாஸ்த்ரமே பிரமாணம் என்பது எம்பெருமானார் தர்சனத்தின் துணிபு. ஸ்வாமி தேசிகனும் தம் கிரந்தங்களில் இதனையே வலியுறுத்தினார். இதில் ஆழ்ந்த நேர்மை விளங்குகிறது. தன் முடிவுக்குச் சாதகமாயிருப்பினும் குறையுள்ள வாதம் குறையுள்ளதே. யுக்தியின் எல்லையை அறிந்து, அவ்வெல்லைவரை அதனைத் தளரவிடாது பயன்படுத்துவதே ஆஸ்திகனுக்கு அழகு.

கர்மமே போதுமோ?

வேதத்தைப் பிரமாணமாக ஏற்றும் ஈசுவரனை ஏற்காதவரும் இருந்தனர். யாகம் செய்தால் அபூர்வம் என்னும் ஒரு சக்தி பிறக்கும், அதுவே உரிய காலத்தில் பலனைத் தரும், இடையில் ஈசுவரன் எதற்கு என்பது மீமாம்ஸகருள் ஒருசாராருடைய கேள்வி. இதற்கு விடையாக ஸ்வாமி ஸேசுவர மீமாம்ஸை என்னும் நூலை அருளினார். ஜைமினியின் ஸூத்ரங்களுக்கு ஈசுவரனை மறுப்பது கருத்தன்று என்றும், கர்ம காண்டமும் பிரஹ்ம காண்டமும் சேர்ந்து ஒரே சாஸ்த்ரம் என்றும் அந்நூலால் விளக்கினார். அறிவற்ற அபூர்வம், இன்னவனுக்கு இன்ன பலன் என்று பகுத்தளிக்க வல்லதன்று. ஆராதனத்தால் உகந்த சேதனனாகிய பரமபுருஷனே பலனளிக்கிறான். அரசனுக்குச் செய்த சேவை அரசன் உகப்பதனாலன்றோ பலிக்கிறது?

சேதனனுடைய ஸ்வாதந்த்ரியம்

இனி, யாவற்றினும் கடினமான வினா. அனைத்தையும் உள்ளிருந்து நியமிப்பவன் ஈசுவரன் எனில், திருடனுடைய கையை நியமிப்பவனும் அவனேயன்றோ? அங்ஙனமாயின் தண்டனை திருடனுக்கு ஏன்? இது செய், இது செய்யாதே என்று சாஸ்த்ரம் விதிப்பதும் வீணாகாதோ?

நடாதூர் அம்மாள் தமது தத்த்வஸாரத்தில் காட்டிய வழியைப் பின்பற்றி ஸ்வாமி இதனைத் தெளிவாக்கினார். அறிவு, விருப்பம், முயற்சி ஆகியவற்றுக்கு வேண்டிய சக்தியையும், தானே தேர்ந்து செயல்படும் ஸ்வாதந்த்ரியத்தையும் சேதனனுக்கு ஈசுவரன் முன்பே தந்திருக்கிறான். அச்சக்தியைக் கொண்டு சேதனன் ஒன்றை விரும்பி முதல் அடி எடுத்து வைக்கும்போது, ஈசுவரன் உதாஸீனனாய், தடுக்காமலும் தூண்டாமலும் இருக்கிறான். அடியெடுத்து வைத்தபின், அச்செயல் நடந்தேற அனுமதி அளிக்கிறான். செய்தது நல்லதாயின் உகந்து அவ்வழியில் மேலும் வளர்க்கிறான். தீயதாயின் சினந்து அதன் பலனை நுகரச் செய்கிறான். ஈசுவரன் தந்த சக்தி இன்றி ஒரு விரலும் அசையாது. ஆயினும் எத்திசையில் அசைப்பது என்னும் முதற்கட்டம் சேதனனைச் சேர்ந்தது.

இதற்கு ஸ்ரீபாஷ்யத்தில் ஒரு த்ருஷ்டாந்தம் உண்டு. இருவருக்குப் பொதுவான ஒரு பொருளை அவ்விருவருள் ஒருவன் மூன்றாமவனுக்குத் தர விரும்புகிறான். மற்றவன் இசைந்தால் அன்றி அது நடவாது. இசைவு பெற்றுத் தந்தபின், அத்தானத்தின் பலன் முயன்றவனையே சாரும். இசைவு இன்றியமையாதது என்பதனால் முயன்றவனுடைய பொறுப்பு நீங்கிவிடாது.

உலகில் ஒருவன் செல்வனாகவும் ஒருவன் வறியனாகவும் பிறப்பது ஈசுவரனுடைய பக்ஷபாதத்தால் என்பதும் இதனால் விலகும். அநாதியாக வரும் அவரவர் கர்மத்தைப் பற்றியே அவன் படைக்கிறான். கர்மத்தை எதிர்பார்க்கும் ஈசுவரன் ஸர்வசக்தன் ஆவானோ என்றால், ஆவான். இவ்வாறு கர்மத்தை அநுஸரித்தே நடத்துவேன் என்பது அவன் தானே கொண்ட ஸங்கல்பம். பிறர் இட்ட தளை குறை. தானே பூண்ட நியமம் குறையன்று, பெருமை.

மோக்ஷ விஷயத்திலும் இந்நெறியே. முப்பத்திரண்டு அதிகாரங்கள் கொண்ட ரஹஸ்யத்ரயஸாரத்தில் பிரபத்தியின் ஸ்வரூபத்தை ஸ்வாமி விரித்துரைத்தார். எம்பெருமானுடைய தயையே மோக்ஷத்துக்கு முதற்காரணம். சரணாகதி அத்தயை பாய்வதற்கு ஒரு வியாஜம், ஒரு வாயில். வியாஜமே வேண்டாவெனில் அனைவருக்கும் ஒரே நொடியில் மோக்ஷம் கிட்டியிருக்க வேண்டும் என்பது அவர் காட்டிய யுக்தி. பிள்ளை லோகாசாரியர் வழியில் நின்ற பெரியோர், அருள் நிர்ஹேதுகமானது என்பதனையே முதன்மையாகக் கூறுவர். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியும், தாயால் கவ்வப்படும் பூனைக்குட்டியும் இவ்விரு நோக்குகளுக்கு உவமையாகச் சொல்லப்படும். இரு திறத்தாரும் அவனருள் இன்றிக் கதியில்லை என்பதில் ஒருமித்தவரே.

வைராக்யம்

கற்பித்த நெறியிலேயே ஸ்வாமி நடந்தும் காட்டினார். உஞ்சவிருத்தியால் ஜீவித்தார். பிக்ஷையில் இட்ட அரிசியில் பொன்மணிகளைக் கலந்து கொடுத்தபோது, அவற்றைப் புழுவென ஒதுக்கினார் என்று கூறுவர். விஜயநகர அரசவைக்கு வருமாறு வித்யாரண்யர் அழைத்தபோது, வரதனாகிய பேரருளாளனே தமக்குச் செல்வம் என்னும் கருத்தமைந்த வைராக்ய பஞ்சகத்தையே விடையாக அனுப்பினார். செல்வம் கைக்கெட்டியபோது வேண்டாமென்று விலக்கும் ஸ்வாதந்த்ரியமும் சேதனனுக்கு உண்டன்றோ?

திருவரங்கத்தின் இருண்ட நாள்

வாதத்தின்பொருட்டுத் திருவரங்கத்துப் பெரியோர் அழைக்க, ஸ்வாமி அங்கு எழுந்தருளி வெற்றி கண்டார். அவ்வாதங்களை ஒட்டி எழுந்ததே சததூஷணி என்பர். அரங்கன் வேதாந்தாசாரியர் என்னும் திருநாமத்தை அளித்ததும், ஓரிரவில் பாதுகா ஸஹஸ்ரம் தோன்றியதும் அத்திருப்பதியிலேதான்.

1311-இல் மாலிக் காபூரின் படை தென்னாட்டில் புகுந்து திருக்கோயில்களைச் சூறையாடிற்று. 1323-இல் உலூக் கானின் தலைமையில் டில்லிப்படை மீண்டும் வந்தது. உத்ஸவ காலமாதலால் அடியார் கூட்டம் பெருகியிருந்த திருவரங்கத்தில் அச்செய்தி இடியென விழுந்தது. மூலவர் ஸந்நிதி சுவரெடுத்து மறைக்கப்பட்டது. மிக்க முதுமையில் இருந்த பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளைப் பல்லக்கில் எழுந்தருளப்பண்ணிக் கொண்டு தெற்கு நோக்கிச் சென்றார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டை அடைந்தார். எண்ணற்ற ஸ்ரீவைஷ்ணவர்கள் வாளுக்கு இரையாயினர்.

முதியவராகிய ஸுதர்சன ஸூரி, தம் இரு குமாரர்களையும் ச்ருதப்ரகாசிகைச் சுவடியையும் ஸ்வாமி தேசிகனிடம் ஒப்படைத்து, தாம் அவ்வமளியில் உயிர் நீத்தார். அப்போது ஐம்பத்தைந்து பிராயம் நிரம்பியிருந்த ஸ்வாமி, மாண்டவர் உடல்களுக்கிடையே சிறுவர்களுடன் மறைந்து கிடந்து, படை அகன்றபின் வெளியேறிச் சத்தியமங்கலம் அடைந்தார், திருநாராயணபுரத்திலும் வசித்தார்.

தன் கோயிலையே காத்துக்கொள்ளாத தெய்வம் எங்ஙனம் ஸர்வசக்தனாகும் என்னும் நாஸ்திகனுடைய வினா, அவ்விரவைக் காட்டிலும் கூர்மையாக எழுந்திருக்க முடியாது. ஸ்வாமியின் ஸித்தாந்தம் இதற்கும் விடை தருகிறது. அனைத்தையும் தாங்குபவன் அர்ச்சாவதாரத்தில் தன் நீராட்டத்துக்கும் அமுதுக்கும் அடியார்களை எதிர்பார்த்து நிற்கிறான். தன்னைக் காக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விடுகிறான். இது இயலாமையன்று, அடியார்க்குக் கைங்கர்யம் அளிக்க அவன் விரும்பி ஏற்ற பாரதந்த்ரியம். கொள்ளையிட்டவர் தம் ஸ்வாதந்த்ரியத்தால் தீமையைத் தேர்ந்தனர். அதே ஸ்வாதந்த்ரியத்தால் ஒருவர் நம்பெருமாளைத் தோளில் தாங்கும்படி செய்தார். ஒருவர் சுவடியை மார்போடு அணைத்துக் காத்தார். தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று ஸ்வாமி கைகட்டி நின்றிருந்தால், ச்ருதப்ரகாசிகை இன்று இல்லை. தெய்வமே இல்லை என்று துணிந்திருந்தாலும், அச்சுவடியை உயிரினும் பெரிதாகக் காக்க ஒரு காரணம் இருந்திராது.

சத்தியமங்கலத்தில் அபீதிஸ்தவம் அருளி, அரங்கத்தின் பயம் நீங்கவேண்டும் என்று அரங்கனையே வேண்டினார். வேண்டுதலுக்குப் பலன் மறுநாளே கிட்டவில்லை. நம்பெருமாள் பல திவ்யதேசங்களிலும் காடுகளிலும் மறைந்து எழுந்தருளியிருந்தார். காத்திருந்த காலம் முழுவதும் ஸ்வாமி காலக்ஷேபத்தையும் கிரந்த ரசனையையும் கைவிடவில்லை. முடிவில் குமார கம்பணரின் படை மதுரை ஸுல்தான்களை வென்றது. கோபண்ணாரியர் செஞ்சியிலிருந்து நம்பெருமாளைத் திருவரங்கத்துக்கு எழுந்தருளப்பண்ணினார். 1371-ஆம் ஆண்டைச் சுட்டும் கல்வெட்டு அங்கு உள்ளது. அதில் பொறித்த இரண்டு வடமொழிச் சுலோகங்கள் ஸ்வாமி அருளியவையே என்பது ஸம்ப்ரதாயத்தார் கொள்கை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் அரங்கனைப் பிரிந்திருந்த அரங்கமாநகர் மீண்டும் திருவிழாக் கண்டது.

நூறாண்டைக் கடந்த ஸ்வாமி, தம் திருக்குமாரராகிய வரதாசாரியரிடத்தும் சீடர்களிடத்தும் தர்சனத்தை ஒப்புவித்து, ஒரு கார்த்திகைத் திங்களில் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

திருவிழாவில் தேர்வடம் பிடிக்கும் ஒவ்வோர் அடியாரும் இச்சரித்திரத்தின் பொருளைக் கையாலேயே உணரலாம். உலகனைத்தையும் அசைப்பவன் திருத்தேரில் அசையாது வீற்றிருக்கிறான். அடியார் இழுத்தால் அன்றித் தேர் நிலை பெயர்வதில்லை. இழுக்கும் கைகளுக்கு வலிமை தந்தவனும் அவனே. வடத்தைப் பற்றுவதும் பற்றாதிருப்பதும் அவரவர் கையில் விடப்பட்டிருக்கிறது.

ஸ்ரீ வேதாந்த தேசிகன் திருவடிகளே சரணம்.

சுபம்